கூரையில் ஒரு மொட்டு, ரெண்டு இலை

சீனாவின் வெங்ஜி கிராமத்தில் எந்த வீட்டை அண்ணாந்து பார்த்தாலும் கூரை முகட்டில் ஒரு மொட்டும் ரெண்டு இலையும் செதுக்கி வைத்திருக்கிறார்கள். தேயிலைக் கொழுந்து! போன ஏப்ரலில் அதைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. என் அப்பாயி நுவரெலியாப் பக்கம் நாற்பது வருசம் அதே ஒரு மொட்டு ரெண்டு இலையைக் கிள்ளியவர். அவர் இருந்த லயத்தின், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டின், தகரக் கூரையில் மழைச் சத்தத்தைத் தவிர வேறெதுவும் இருந்ததில்லை.

நான் போனது வெங்ஜி இருக்கும் ஜிங்மாய் மலை. தென்மேற்குச் சீனாவின் யுன்னான் மாகாணத்தில், பூஅர் நகரத்தின் ஆளுகைக்குள், லான்சாங் லாஹு தன்னாட்சி வட்டத்தில் இருக்கிறது. மியன்மார் எல்லை பக்கம்தான். வட்டத்தின் பெயர் லாஹு மக்களுடையது. ஆனால் இந்த மலையில் பெரும்பாலும் இருப்பவர்கள் புலாங், டாய் மக்கள். ஹானி, வா, ஹான் ஆட்களும் உண்டு. புலாங் பேச்சு கம்போடியாவின் கெமர் மொழிக்குத் தூரத்துச் சொந்தம். டாய் பேச்சு தாய்லாந்து, லாவோஸ் பக்கத்து மொழிகளோடு ஒட்டும். மொழி வேறு, குலக்கதை வேறு. விகாரையும் தேயிலையும் இரண்டு பேருக்கும் பொது. அடுத்த ஊரான நுவோகாங் போனால் கூரைமுகட்டில் கொழுந்துக்குப் பதில் மாட்டுக் கொம்பு. டாய் ஊர் என்று அதை வைத்தே சொல்லிவிடலாம்.

அங்கே தோட்டம் என்று நாம் நினைக்கிற தோட்டமே கிடையாது. பெரிய காட்டு மரங்களை வெட்டாமல், அதன் நிழலில் தேயிலையை நட்டு வளர்த்திருக்கிறார்கள். பத்தாம் நூற்றாண்டில் தொடங்கிய பழக்கம். நம் ஊரில் சில வருசங்களுக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டி, செடியை இடுப்புக்கு மேலே வளரவே விடமாட்டோம். இங்கே அதே இனம், அஸ்ஸாம் வகைத் தேயிலை, மரமாகவே நிற்கிறது. அடிமரத்தில் பாசி. பெண்கள் கூடையை மாட்டிக்கொண்டு கிளையில் ஏறி நின்று பறிக்கிறார்கள். மருந்து அடிப்பதில்லை. பூச்சியைத் தின்னப் பறவைகளும் சிலந்திகளும் காட்டிலேயே இருக்கின்றன. பறித்ததை வாட்டி, சூடான இரும்புச் சட்டியில் கையால் புரட்டி, உருட்டி, மூங்கில் தட்டில் வெயிலில் காயவைக்கிறார்கள். நான் தங்கின வீட்டு முற்றம் முழுக்க அந்த வாசம்தான்.

புலாங் மக்களின் குலமுதல்வர் பா ஐலெங் கதையை அங்கே எல்லாரும் சொல்கிறார்கள். சாகும் முன்னால் அவர் சொன்னாராம்: மாடு விட்டுப் போனால் செத்துப்போகும், பொன்னும் வெள்ளியும் விட்டுப் போனால் தீர்ந்துபோகும், தேயிலை மரத்தை விட்டுப் போகிறேன், கண்போல் காத்துக்கொள்ளுங்கள். அவருடைய மனைவி டாய் இளவரசி என்பதும் கதையில் வரும். கதைதான், ஆனால் இரண்டு இனம் ஒரு மலையில் பிழைக்க அந்தக் கல்யாணம் எவ்வளவு தேவைப்பட்டிருக்கும்! நின்றுபோயிருந்த தேயிலை மூதாதை விழாவை மறுபடி நடத்த வைத்தவர் சு குவோவென், ஓய்வுபெற்ற ஆசிரியர், கடைசி புலாங் தலைவரின் மகன்.

என் வருத்தமெல்லாம் பெயரைப் பற்றித்தான். "சீனத் தேநீர், கொழுப்பைக் கரைக்கும்" என்று இங்கே விற்கிறார்கள். அந்த நாலு சொல்லில் புலாங் எங்கே, டாய் எங்கே? பூஅர் பகுதியில் நிங்அர் என்ற ஊரில் ஒரு கல் இருக்கிறது. 1951 ஜனவரி 1-ஆம் தேதி 26 இனங்களின் ஆட்கள் கூடி ஒற்றுமை உறுதிமொழி எடுத்த கல். ஒரு வட்டாரத்துக்குள் 26 இனம்! இவ்வளவு பேரையும் ஒரு நாட்டின் பெயருக்குள் சுருட்டிவிடுவது அநியாயம். 'சிலோன் டீ' என்ற பெயருக்குள் எங்கள் ஆட்கள் காணாமல் போனதை நான் அறிவேன், அதனால் சொல்கிறேன்.

2023-ல் யுனெஸ்கோ இந்த மலையை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. சந்தோசம். பயமும் இருக்கிறது. சிமாவோ என்ற நகரம் 2007-ல் தன் பெயரையே இந்த வட்டாரத் தேயிலையின் பெயரான பூஅர் என்று மாற்றிக்கொண்டது. அதே வருசம்தான் ஏறிக்கொண்டே போன பூஅர் தேயிலை விலை மடமடவென்று சரிந்தது. வாங்கிப் பதுக்கினவர்கள் தப்பிக்கலாம், மரம் வைத்திருப்பவர் எங்கே போவார்? இப்போது பழைய மரத்து இலைக்கு மவுசு கூடக் கூட, ஓய்வே விடாமல் பறிக்கச் சொல்லும் கை நீளும். தங்கின வீட்டு அம்மாவிடம் இதைக் கேட்டேன், போனில் மொழிபெயர்த்துத்தான். கோடையில் மரத்தைத் தொடமாட்டோம், அதுவும் மூச்சு வாங்க வேண்டாமா என்றார். இந்த வழக்கத்தை முடிவு செய்யும் உரிமை மரத்துக்காரர்களிடமே இருக்க வேண்டும். சுற்றுலாக் கம்பெனியிடமோ வியாபாரியிடமோ போகவே கூடாது.

வரும்போது தேயிலையை அழுத்திச் செய்த 357 கிராம் வட்டு ஒன்று வாங்கிவந்தேன். அம்மாவும் இளவயதில் கொழுந்து பறித்தவர். ஓரத்தை உடைத்து, முகர்ந்து, ஒரு இலையை வெந்நீரில் விரித்துப் பார்த்தார்.

"யாருடா பறிச்சது?"

"புலாங் பொம்பளைங்கம்மா. அவங்க வீட்டு மரம்."

இலையைக் கையிலேயே வைத்துக்கொண்டு மறுபடி கேட்டார். "அவங்க வீட்டு மரமா?"