உச்ச வாட்டை வைத்து வேகத்தைக் கணக்கிட முடியாது
120 வாட் போன் 60 வாட் போனைவிட இரண்டு மடங்கு வேகமாக சார்ஜ் ஏறும் என்று போன் சார்ஜிங் பற்றிய இந்தக் கட்டுரையில் இருப்பதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. பெட்டியில் போட்டிருக்கும் வாட் உச்ச அளவுதான். பேட்டரி காலியாக இருக்கும்போது, அதுவும் போன் சூடாகாதவரை, சில நிமிடங்களே அது நிற்கும். பேட்டரி செல்லின் மின்னழுத்தம் உச்சவரம்பைத் தொட்டதும் (இன்றைய போன்களில் சுமார் 4.4 வோல்ட்) சார்ஜிங் சிப் மின்னோட்டத்தைக் குறைத்துக்கொண்டே வரும். கடைசி 20 சதவீதம் எல்லா போனிலும் இழுப்பது இதனால்தான். கேம் ஆடிக்கொண்டோ 4கே வீடியோ எடுத்த சூட்டிலோ செருகினால் கதை இன்னும் மோசம்: பிராசசர் சூடும் பேட்டரி சூடும் ஒரே உடம்புக்குள் சேர, வாட் பாதிக்கும் கீழே இறங்கலாம். 'எந்த கேபிளும் ஒன்றுதான்' என்று மேலே கருத்து எழுதிய நண்பருக்கு: யுஎஸ்பி பிடி (டைப்-சி வழியாக வேகமாக சார்ஜ் ஏற்றும் பொதுத் தரமுறை) முறையில் இ-மார்க்கர் சிப் (கேபிள் எவ்வளவு மின்னோட்டம் தாங்கும் என்று சார்ஜருக்குச் சொல்லும் சிப்) இல்லாத டைப்-சி கேபிள் 3 ஆம்பியரைத் தாண்டாது, 20 வோல்ட்டில் அது 60 வாட், அவ்வளவுதான். ஒப்பிடுவதென்றால் போன் உறையைக் கழற்றி, திரையை அணைத்து, இரண்டு போனையும் 10 சதவீதத்திலிருந்து ஏற்றி, 50, 80, 100 தொட்ட நேரத்தைத் தனித்தனியாகப் போடுங்கள். கட்டுரையில் 50 வரைக்கும்தான் அளந்திருக்கிறார்கள்.