"வெறும் மாத்திரைதானா?" என்று கேட்பவர்களுக்கு

அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய் எலும்புக்குப் பரவிவிட்டது என்று தெரிந்த வாரம், வீட்டில் எல்லாரும் கீமோவுக்கு மனதைத் தயார்செய்துகொண்டிருந்தோம். டாக்டர் எழுதிக் கொடுத்ததோ இரண்டு வகை மாத்திரைகள். லெட்ரோசோல் தினமும், ரைபோசிக்லிப் மூன்று வாரம் தினமும், அப்புறம் ஒரு வாரம் இடைவெளி. அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அவ்வளவுதானா? கைவிட்டுட்டாங்களா?" என்று கேட்டார். அதே கேள்வியைப் பிறகு வேறு குடும்பங்களிலும் கேட்டுவிட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

யாரும் கைவிடவில்லை. ஹார்மோன் ஏற்பி பாசிட்டிவ் (புற்றணுக்களில் ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் புரதம் இருக்கிறது), ஹெர்2 நெகட்டிவ் (வளர்ச்சியைத் தூண்டும் ஹெர்2 என்ற புரதம் அதிகமாக இல்லை) என்று ரிப்போர்ட் வந்தால், பரவிய நிலையில் பெரும்பாலும் முதலில் கொடுக்க வேண்டிய சிகிச்சையே இந்தச் சேர்க்கைதான்.

இந்த வகைக் கட்டி ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைத் தின்று வளர்கிறது. லெட்ரோசோல் உடலில் ஈஸ்ட்ரோஜன் உருவாவதைத் தடுக்கிறது. (மாதவிடாய் நிற்காத பெண்களுக்குச் சூலகத்தின் வேலையை நிறுத்தும் மருந்தும் கூடவே வேண்டும்.) ஆனால் புற்றணு சும்மா இருக்காது, நாளடைவில் ஈஸ்ட்ரோஜன் இல்லாமலே பிரிந்து பெருகக் கற்றுக்கொள்கிறது. அப்படிப் பிரிவதற்கு அது நம்பியிருக்கும் இரண்டு நொதிகள் சிடிகே 4, சிடிகே 6. ரைபோசிக்லிப், பால்போசிக்லிப், அபெமாசிக்லிப் மூன்றும் அவற்றைத்தான் முடக்குகின்றன. ஒரு மருந்து தீனியை நிறுத்துகிறது, மற்றது தப்பிக்கும் வழியை அடைக்கிறது.

பலன் சின்னதல்ல. ரைபோசிக்லிப்பைச் சோதித்த மோனலீசா-2 ஆய்வின் இறுதி முடிவு 2022இல் வெளியானது. லெட்ரோசோல் மட்டும் எடுத்தவர்களில் பாதிப் பேர் 51.4 மாதங்களைத் தாண்டி வாழ்ந்தார்கள். ரைபோசிக்லிப்பும் சேர்த்து எடுத்தவர்களில் பாதிப் பேர் 63.9 மாதங்களைத் தாண்டினார்கள். ஒரு வருடத்துக்கும் மேல். நோயாளி வீட்டில் இருப்பவர்களுக்கு அந்த ஒரு வருடம் என்னவென்று தெரியும்.

"அப்படியென்றால் கீமோவையும் சேர்த்தே கொடுத்துவிட வேண்டியதுதானே" என்பார்கள். மருந்து கூடினால் பலனும் கூடும் என்று நினைத்து இங்கேதான் பலர் தவறுகிறோம். கீமோவையே எடுத்துக்கொள்ளுங்கள். பரவிய நோயில் இரண்டு கீமோ மருந்துகளை ஒன்றாகக் கொடுத்தால் கட்டி வேகமாகச் சுருங்கலாம். ஆனால் ஒன்றன்பின் ஒன்றாகக் கொடுப்பதைவிட ஆயுள் கூடுவதாகப் பெரிய ஆய்வுகள் காட்டவில்லை, பக்கவிளைவுதான் கூடுகிறது. உயிருக்கு உடனடி ஆபத்து இருக்கும்போது மட்டும் கணக்கு மாறும். ஹெர்2 பாசிட்டிவ் நோயின் கதையே வேறு. அங்கே ஹெர்2-வைக் குறிவைக்கும் டிராஸ்டுசுமாப், பெர்டுசுமாப் இரண்டோடு டோசிடாக்சல் என்ற கீமோவும் சேர்ந்து பெரிய பலன் கொடுத்தது. எத்தனை மருந்து என்பதைவிட, எந்த வகை நோய்க்கு எது எதோடு சேர்கிறது என்பதுதான் முக்கியம்.

மாத்திரை என்பதால் அலட்சியமும் கூடாது. வெள்ளை அணுக்கள் குறையும், ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. ரைபோசிக்லிப்புக்கு ஈசிஜியும் அவசியம். அக்காவுக்கு இரண்டாவது மாதமே எண்ணிக்கை இறங்கி, மருந்தை நிறுத்தி, பிறகு அளவைக் குறைத்துத் தொடர்ந்தார்கள். நாங்கள் பயந்தே போனோம். ஆனால் அளவைக் குறைப்பது இந்த மருந்துகளில் வழக்கமான நடைமுறைதான்.

உங்கள் வீட்டில் யாருக்காவது நோய் பரவியிருந்தால் ஒன்று கேளுங்கள்: பரவிய இடத்திலிருந்து மறுபடி பயாப்ஸி எடுக்க முடியுமா? முதல் கட்டியில் இருந்த ஏற்பிகள் பரவிய இடத்தில் மாறியிருக்கக்கூடும். பழைய ரிப்போர்ட்டை மட்டும் வைத்து மருந்தை முடிவுசெய்ய விடாதீர்கள்.