நான்காவது பெயருக்கு எதிரே எண் எதற்கு?

2023 ஜூலை 10ஆம் தேதி இரவு சங்கர் நகர் சிமெண்ட் கம்பெனி மைதானத்தில் தமிழ்நாடு பிரீமியர் லீக் கிரிக்கெட்டில் ஆடும் நெல்லை ராயல் கிங்ஸ் அணிக்குக் கடைசி 12 பந்துகளில் 37 ரன் தேவைப்பட்டது. 19ஆவது ஓவர் ஒன்றிலேயே 33 ரன் வந்து சேர்ந்தது. அஜிதேஷ் குருசாமி ஒரு பக்கம் நிலைத்து நிற்க, ரித்திக் ஈஸ்வரன் 11 பந்துகளில் 39 ரன் குவித்து அணியை இறுதிப் போட்டிக்குக் கொண்டுபோனார். இரண்டே நாளில், அதே மைதானத்தில், கோவை அணி எடுத்த 205 ரன்னைத் துரத்திய நம் அணி 101 ரன்னில் சுருண்டது. பேட்டிங் வரிசையைப் பற்றி எங்கள் பகுதியில் அன்று தொடங்கிய வாக்குவாதம் இன்றுவரை ஓயவில்லை.

தாழையூத்து டீக்கடை பெஞ்சில் போன வாரம்கூட இதே பேச்சுதான். "அண்ணாச்சி, 11 பந்துல 39 அடிக்கிறவன ஓப்பனிங் எறக்குனா 40 பந்துல என்ன அடிப்பான்னு யோசிச்சுப் பாருங்க" என்றான் கல்லூரியில் படிக்கும் பையன். பக்கத்தில் இருந்த பெரியவர், "ஏலே, புதுப் பந்து ஆடும்போது ரெண்டாவது ஓவர்லயே அவன் போயிட்டான்னா, பின்னால அடிக்கதுக்கு யாரு இருக்கா?" என்று கேட்டார். இருவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் இருவருமே அந்த ஆட்டக்காரருக்கு ஓர் எண்ணைத் தேடிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் ஒன்று என்றார், மற்றவர் ஆறு என்றார். என் கருத்து வேறு. இருபது ஓவர் ஆட்டத்தில் மூன்றாவது ஆட்டக்காரருக்குப் பிறகு எண் என்பதே இருக்கக் கூடாது. இன்னும் எத்தனை பந்து மிச்சம் இருக்கிறது, யார் பந்து வீசுகிறார், களத்தில் நிற்பவர் வலக்கையரா இடக்கையரா என்ற மூன்றையும் பார்த்துத்தான் அடுத்தவர் யார் என்பதை முடிவு செய்ய வேண்டும்.

அமெரிக்காவின் பேஸ்பால் ரசிகர்களுக்கு இந்த வசதி கிடையாது. அங்கே ஒன்பது பேரின் வரிசையை ஆட்டத்துக்கு முன்பே நடுவரிடம் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். ஒன்பதாவது ஆள் ஆடி முடித்ததும் முதல் ஆளிடமே முறை திரும்பி வரும். ஒருவருக்குப் பதிலாக மாற்று வீரரை இறக்கலாம், ஆனால் இறங்கியவர் வெளியேறியவரின் இடத்தில்தான் ஆட வேண்டும், வெளியேறியவர் திரும்பி வர முடியாது. வரிசையில் மேலே இருப்பவருக்கு ஆட்டத்தின் முடிவில் ஒரு முறை கூடுதலாகக் கிடைக்கக்கூடும் என்பதால், சிறந்த அடிகாரரை வழக்கமான நான்காம் இடத்தில் வைப்பதா, இரண்டாம் இடத்துக்கு ஏற்றுவதா என்று அவர்கள் மாய்ந்து மாய்ந்து விவாதிப்பதில் பொருள் இருக்கிறது. எழுதிக் கொடுத்த வரிசையில் அவர்கள் கட்டுண்டு கிடக்கிறார்கள். ஒவ்வொரு விக்கெட் விழும்போதும் புதிதாக யோசிக்கும் உரிமை நமக்கு இருக்கிறது. அப்படி இருந்தும் நாமே ஒரு காகிதத்தை எழுதி வைத்துக்கொண்டு அதற்குக் கட்டுப்படுகிறோம்.

அந்த உரிமையைத் துணிந்து பயன்படுத்தியவர்கள் முன்பே இருந்திருக்கிறார்கள். 1937 ஜனவரியில் மெல்போர்ன் டெஸ்டில் மழையில் நனைந்த ஆடுகளத்தைப் பார்த்த ஆஸ்திரேலிய கேப்டன் பிராட்மன், இரண்டாவது இன்னிங்ஸில் வரிசையைத் தலைகீழாக்கிப் பந்து வீச்சாளர்களை முதலில் அனுப்பினார். ஆடுகளம் காயும்வரை அவர்கள் நேரத்தைக் கடத்தினால் போதும் என்பது கணக்கு. ஏழாவதாக இறங்கிய பிராட்மன் 270 ரன் எடுத்தார். ஃபிங்கிள்டனோடு அவர் சேர்த்தது 346. முதல் இரண்டு டெஸ்டுகளையும் தோற்றிருந்த ஆஸ்திரேலியா இந்த டெஸ்டை வென்று, கடைசியில் தொடரையும் 3-2 என்று வென்றது. நம் தலைமுறை கண்ணால் கண்டது 2011 உலகக் கோப்பை இறுதிப் போட்டி. 275 ரன் இலக்கைத் துரத்தும்போது 114 ரன்னில் மூன்றாவது விக்கெட் விழுந்தது. அந்தத் தொடர் முழுவதும் அருமையாக ஆடிய இடக்கையர் யுவராஜ் சிங் வருவார் என்று நாடே எதிர்பார்த்த இடத்தில் தோனி இறங்கி வந்தார். எதிர் முனையில் இடக்கையரான கம்பீர் நின்றார், பந்து வீசிக்கொண்டிருந்தவர்கள் இடக்கையரை விட்டு விலகித் திரும்பும் பந்தை வீசும் ஆஃப் ஸ்பின்னர்கள், ஆகவே வலக்கையர் ஒருவர் தேவைப்பட்டார். தோனி ஆட்டமிழக்காமல் 91 எடுத்தார் என்பதற்காக மட்டும் நான் அந்த முடிவைப் புகழவில்லை. அவர் பத்து ரன்னில் ஆட்டமிழந்திருந்தாலும் அது சரியான முடிவுதான்.

எனக்கு இதில் இவ்வளவு அழுத்தம் ஏன் என்றால், ஒரு தோல்வியை ஸ்கோர் நோட்டில் என் கையாலேயே எழுதியிருக்கிறேன். சித்திரை மாதம் எங்கள் ஊர்க் குளம் வற்றியதும் உள்ளே சுண்ணாம்புக் கோடு போட்டு டென்னிஸ் பந்துப் போட்டி நடத்துவோம். பத்து ஓவர் ஆட்டம், அறுபது பந்து. ஓர் ஆண்டு அரையிறுதியில் எங்கள் அணியின் மிகச் சிறந்த அடிகாரனை ஐந்தாம் இடத்தில் எழுதியிருந்தார்கள். முதல் இரண்டு பேரும் விக்கெட்டைக் காப்பாற்றி ஆடினார்கள்; ஏழாவது ஓவர் வரை ஒரே ஒரு விக்கெட்தான் விழுந்தது, ரன்னோ நாற்பதைத் தாண்டவில்லை. அவன் கரையில் பனைமரத்தடியில் மட்டையை இரண்டு கைகளுக்கு இடையில் உருட்டிக்கொண்டு, ஒவ்வொரு ஓவர் முடிந்ததும் எழுந்து நின்று, மறுபடி உட்கார்ந்தான். கைப்பிடியில் சுற்றியிருந்த சைக்கிள் டியூப் அவன் வியர்வையில் நழுவியதால் மூன்று முறை மண்ணைத் தொட்டு எடுத்தான். மூன்றாவது விக்கெட் விழுந்து அவன் உள்ளே போனபோது மூன்று பந்துகள்தாம் மிச்சம் இருந்தன. அதில் இரண்டு சிக்ஸர் அடித்தான். நாங்கள் ஐந்து ரன்னில் தோற்றோம். கையில் இருந்த ஏழு விக்கெட்டுகளும் எதற்கும் உதவவில்லை.

இதற்கு வலுவான ஒரு மறுப்பு உண்டு என்பதை ஏற்கிறேன். தான் எப்போது இறங்குவோம் என்று தெரியாத ஆட்டக்காரர் மனத்தளவில் தயாராக முடியாது, உறுதியான இடம்தான் தன்னம்பிக்கையைத் தரும் என்று நன்றாக ஆடிய பலரும் சொல்கிறார்கள். தொடக்க ஆட்டக்காரர்களுக்கும் ஒன் டவுன், அதாவது மூன்றாவதாக, இறங்குபவருக்கும் அது முழுக்கப் பொருந்தும்; முதல் ஆறு ஓவரில் வட்டத்துக்கு வெளியே இரண்டே ஃபீல்டர்கள் நிற்கும் அந்த நேரத்துக்கென்று தனியாகப் பயிற்சி வேண்டும். ஆனால் மற்றவர்களுக்கு உறுதியைத் தருவது எண்தானா? "நீ நான்காவது" என்று சொன்னால், அவர் இரண்டாவது ஓவரிலும் போகலாம், பதினெட்டாவது ஓவரிலும் போகலாம். "எந்த விக்கெட் விழுந்தாலும் 12ஆவது ஓவருக்குப் பிறகு நீதான் அடுத்து" என்று சொன்னால், தன் வேலை என்ன என்பது அவருக்கு முன்னதைவிடத் தெளிவாகவே தெரியும். மூத்த ஆட்டக்காரரைப் பின்னால் தள்ளினால் அவமானம் என்ற பேச்சும் நம் பக்கத்தில் உண்டு. 2001 கொல்கத்தா டெஸ்டில் மூன்றாம் இடத்தை லக்ஷ்மணுக்கு விட்டுக் கொடுத்து ஆறாவதாக இறங்கிய திராவிட் 180 ரன் எடுத்தார்; லக்ஷ்மண் 281.

அந்த டீக்கடைப் பையனுக்கும் பெரியவருக்கும் நான் சொன்ன பதில் இதுதான். அதிரடி ஆட்டக்காரர் புதுப் பந்தைச் சந்திக்க வேண்டாம், ஆனால் கடைசி 40 பந்துகள் மிச்சம் இருக்கும்போது அவர் வெளியே உட்கார்ந்திருக்கவும் கூடாது. இருவரும் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. வரும் சித்திரைப் போட்டிக்கு எங்கள் ஊர் அணியின் பட்டியலை எழுதும் பொறுப்பை இந்த முறை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். முதல் மூன்று பெயர்களுக்கு எண் போட்டிருக்கிறேன். அடுத்த பெயருக்கு எதிரே "ஐந்தாவது ஓவர் முடிந்ததும், எந்த விக்கெட் விழுந்தாலும்" என்று எழுதி, அவன் கையிலேயே கொடுத்திருக்கிறேன்.