அத்தைக்கு எடுத்த பாவாடை

போன மாதம் ஏற்காட்டில் ஒரு பள்ளியின் ஆண்டு விழாவுக்குப் போயிருந்தேன். என் தங்கையின் பேத்தி அங்கே ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். நிகழ்ச்சி நிரலில் 'அன்னப்பறவை நடனம்' என்று போட்டிருப்பதாகத் தங்கை சொன்னதும், காலையிலேயே சேலத்தில் பஸ் பிடித்து, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிப் போய்விட்டேன். ரஷ்ய இசையமைப்பாளர் சைக்கோவ்ஸ்கியின் பாலே இசை ஒலிக்க, பன்னிரண்டு சிறுமிகள் வரிசையாக வந்தார்கள். பளபளக்கும் நைலான் கவுன். முதுகில் கம்பி வைத்துக் கட்டிய பிளாஸ்டிக் இறக்கை. கையைத் தூக்கினால் இறக்கை தடுத்தது. சுற்றினால் கவுன் காலோடு ஒட்டிக்கொண்டது. ஆனாலும் குழந்தைகள் உயிரைக் கொடுத்து ஆடினார்கள். பாதி ஆட்டத்தில் இசை நின்றது. சிறப்பு விருந்தினர் அவசரமாகக் கிளம்ப வேண்டும் என்று அறிவித்து, அன்னங்களை நின்ற இடத்திலேயே நிற்க வைத்து, அவர்களுக்கு முன்னால் பொன்னாடை போர்த்தினார்கள்.

பக்கத்தில் இருந்த அம்மாவிடம் என் வருத்தத்தைச் சொன்னேன். இறக்கையைப் பற்றியும் சொன்னேன். "துணியில் என்னங்க இருக்கிறது? பிள்ளைகள் ஆடினால் போதாதா?" என்று கேட்டார். நல்ல மனதோடுதான் கேட்டார். அங்கே பதில் சொல்ல முடியவில்லை, இங்கே சொல்கிறேன். போதாது. பாலே என்னும் இந்த ஐரோப்பிய மேடை நடனத்தில் பாதி ஆட்டம் துணியில்தான் இருக்கிறது.

நான் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவள். அப்பாவுக்குக் கொலுசுப் பட்டறை. வேலை முடிந்த கொலுசைக் காதருகே பிடித்து ஒரு முறை உதறிப் பார்ப்பார். மணி ஒன்று ஊமையாக இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுவார். எங்கள் வீட்டில் கால் என்றால் சத்தம். அந்த நாளில் 'சோவியத் நாடு' இதழின் வழுவழுப்பான தாளில்தான் பள்ளி நோட்டுகளுக்கு அட்டை போடுவோம். என் கணக்கு நோட்டுக்கு வாய்த்த தாளில் வெள்ளை உடையில் ஒரு பெண், ஒற்றைக் கால் விரல் நுனியில் நின்றுகொண்டிருந்தாள். காலில் கொலுசு இல்லை, சலங்கை இல்லை. இந்தக் கால் எப்படிச் சத்தம் போடும் என்று அப்பாவைக் கேட்டேன். அவர் தாளை வாங்கி வெகுநேரம் பார்த்தார். "இது சத்தம் போடாத கால், சாமி" என்றார். பாலேயைப் பற்றி நான் கேட்ட முதல் விமர்சனம் அதுதான். இன்றுவரை அதைவிடச் சரியான ஒன்றைக் கேட்டதில்லை.

அந்த விரல்நுனிக் காலணிக்குள் மரக்கட்டையோ இரும்போ இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். துணியும் தாளும் அடுக்கடுக்காகப் பசை வைத்து ஒட்டிக் காயவைத்ததுதான் உள்ளே இருக்கிறது. நாடாவை ஆடுபவரே தன் கையால் தைத்துக்கொள்வார். புதுக் காலணி தரையில் டொக்கென்று ஒலிக்கும் என்பதால், அதைச் சுவரிலும் படிக்கட்டிலும் அடித்து அடித்து இளக்கி, சத்தத்தைக் கொல்வார்கள். பெரிய வேடம் ஆடுபவருக்கு ஒரு ஜோடி ஒரே இரவில் தேய்ந்துபோவதும் உண்டு.

உடையும் இப்படித்தான், ஒவ்வொரு அங்குலத்துக்கும் காரணம் இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டில் பாரிஸில் மரி கமார்கோ என்ற பாலே நடனமணி தன் பாவாடையைக் கணுக்காலுக்கு மேல் ஏற்றினார். அவருடைய பாதங்களின் வேகம் மக்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டியிருந்தது. 1832இல் மரி தாலியோனி என்ற நடனமணி காற்றுத் தேவதையாக வந்தபோது மெல்லிய வெள்ளைத் துணி கெண்டைக்கால் உயரத்தில் நின்றது, அந்தப் பெண் தரையில் நடப்பவள் அல்ல என்று காட்ட வேண்டியிருந்ததால். பிறகு பாய்ச்சலும் சுழற்சியும் கடினமாக ஆக, முழுக்கால் தெரியும்படி தட்டுப்போல விறைத்து நிற்கும் டூட்டூ என்ற குட்டைப் பாவாடை வந்தது.

எம்மா லிவ்ரியின் கதை தெரிந்தவர்கள் துணியில் என்ன இருக்கிறது என்று கேட்க மாட்டார்கள். தாலியோனியின் மாணவி. அப்போது மேடையில் எரிவாயு விளக்குகள். தீப்பிடிக்காமல் இருக்க உடையை ஒரு ரசாயனக் கரைசலில் நனைக்க வேண்டும் என்று விதி வந்தது. நனைத்தால் துணி விறைத்து மங்கிவிடுகிறது என்று லிவ்ரி மறுத்துவிட்டார். 1862 நவம்பரில் ஒத்திகையின்போது அவருடைய பாவாடை விளக்கில் பட்டுப் பற்றிக்கொண்டது. எட்டு மாதம் வேதனைப்பட்டு இறந்தார். வயது இருபது. அவர் செய்தது சரி என்று நான் சொல்லவில்லை. அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து, நனைத்த உடையையே போட்டுக்கொள் என்று கெஞ்சியிருப்பேன். ஆனால் துணி தன்னோடு சேர்ந்து ஆட வேண்டும் என்று அவர் ஏன் அத்தனை பிடிவாதமாக இருந்தார் என்பது எனக்குப் புரிகிறது.

புரிய வைத்தது 'ஜிஸெல்' என்ற பாலே. மகள் லண்டனில் வேலை பார்த்த நாட்களில் அவளைப் பார்க்கப் போனபோது, ராயல் ஓபரா ஹவுஸில் மேல் மாடிக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்தாள். பணம் குறைவு என்பதால்தான் மேல் மாடி. இப்போது யார் கேட்டாலும் மேல் மாடியையே எடுக்கச் சொல்கிறேன். கீழே முகம் தெரியும், மேலே கோலம் தெரியும். கூட்டமாக ஆடுவதைக் கோலமாகப் பார்க்காதவர் பாலேயில் பாதியைத் தவறவிடுகிறார்.

கதை நமக்குப் பழக்கமானதுதான். கிராமத்துப் பெண் ஜிஸெல்லை, வேடம் மாற்றி வந்த ஒரு பிரபு காதலித்து ஏமாற்றுகிறான். உண்மை தெரிந்ததும் சித்தம் கலங்கி இறந்துபோகிறாள். இரண்டாம் அங்கம் காட்டில், நள்ளிரவில், அவள் சமாதியில். கல்யாணத்துக்கு முன்பே இறந்துபோன பெண்கள் வெள்ளை உடையில் எழுந்து வருகிறார்கள். வழியில் அகப்படும் ஆணைச் சாகும்வரை ஆட வைப்பார்கள். ஜிஸெல்லும் அவர்களில் ஒருத்தி. ஆனால் தன்னை ஏமாற்றியவனை விடியும்வரை காப்பாற்றி அனுப்பிவிடுகிறாள்.

திரை உயர்ந்து அந்த வெள்ளைப் பெண்கள் வந்ததும் எனக்கு எங்கள் வீட்டுக் கன்னி நினைவுக்கு வந்தாள். அப்பாவின் தங்கை பதினாறு வயதில் காய்ச்சலில் போய்விட்டார். கல்யாணமாகாமல் போன பெண் வீட்டுக்குத் தெய்வம். ஒவ்வோர் ஆடியிலும் அப்பாயி ஓலைப் பெட்டியைத் திறந்து, பழைய பாவாடையை எடுத்துவிட்டுப் புதியதை மடித்து வைப்பார். கண்ணாடி வளையல், மஞ்சள், ஒரு முழம் பூ. ஒருமுறை, "அத்தைதான் இல்லையே, எதற்கு அப்பாயி இவ்வளவு அகலமாகத் தைத்தீர்கள்?" என்று கேட்டேன். "சுற்றி வந்தால் விரிய வேண்டாமா?" என்றார், மடிப்பை நீவிக்கொண்டே.

லண்டனில் அந்தப் பெண்கள் இரு பக்கத்திலிருந்தும் வரிசையாக, ஒரு காலைப் பின்னால் நீட்டியபடி மற்றொரு காலில் தத்தித் தத்தி வந்தார்கள். ஒரு வரிசை இன்னொரு வரிசைக்குள் புகுந்து வெளியே போயிற்று. இசைக்கு அடியில் ஒரு சத்தம் கேட்டது. இருபதுக்கும் மேற்பட்ட பாதங்கள் ஒன்றாகத் தரையைத் தொடும் மெல்லிய தட்டல். தொலைக்காட்சியில் எத்தனையோ முறை பார்த்த காட்சி, அந்தச் சத்தத்தை ஒருமுறைகூடக் கேட்டதில்லை. உடம்பு தரைக்கு வந்துவிடுகிறது. பாவாடை இன்னும் வரவில்லை. அரை நொடி காற்றில் நின்று, பிறகு வந்து அமைகிறது. அந்த அரை நொடிதான் பேய். அது இல்லாவிட்டால் அவர்கள் வெள்ளை உடுத்திய பெண்கள், அவ்வளவுதான். நான் அழுதேன். மகள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இந்தக் கதையை எழுதியவர்களில் ஒருவரான பிரெஞ்சு எழுத்தாளர் தியோஃபில் கோத்தியே, 'ஜிஸெல்' மேடையேறிய 1841க்கு மூன்று வருடம் முன்பு, நம் ஆட்டத்தைப் பார்த்தவர். 1838இல் கடலூர் அருகே திருவந்திபுரத்திலிருந்து தேவதாசிகள் சிலர் பாரிஸுக்குப் போய் ஆடினார்கள். அவர்களில் அம்மணி என்பவரைப் பற்றிக் கோத்தியே மனம் நெகிழ்ந்து எழுதினார். சத்தமிடும் காலையும் சத்தமிடாத காலையும் ஒரே மனிதர் நேசித்திருக்கிறார். பாலே அந்நியம், நமக்கெதற்கு என்று கேட்கும் நண்பர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். இன்னொன்றும் சொல்வேன்: ருக்மிணி தேவி, ரஷ்ய பாலே நடனமணி அன்னா பாவ்லோவாவின் குழுவில் இருந்த கிளியோ நோர்டியிடம் பாலே கற்றவர். 1936இல் கலாக்ஷேத்ராவைத் தொடங்கியவரும் அவரே.

பாலே பார்த்த பிறகுதான் நம் கூத்தைச் சரியாகப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். ஓமலூர்ப் பக்கம் ஒரு திருவிழாவில், இரண்டு பேர் பிடித்த திரைக்குப் பின்னால் துரியோதனன் வந்து நின்றான். திரைக்குக் கீழே பாதம் மட்டும் தெரிந்தது. முகம் வருவதற்கு வெகுநேரம் முன்பே சலங்கை அவன் யார் என்று சொல்லிவிட்டது. திரை விலகியதும் ஒரு சுழற்சி. விரிந்த பாவாடை அவனைவிட அரைச் சுற்றுப் பின்தங்கி வந்தது. அப்பாயி சொன்ன அகலம்! ஆனால் இன்று பல ஊர்களில் சலங்கை ஒலியை விழுங்கிவிடும் அளவுக்கு ஒலிபெருக்கியைக் கூட்டி வைக்கிறார்கள். அரங்கேற்றங்களிலும் அதே கதை. முதல் மூன்று வரிசை நாற்காலிகள் பிரமுகர்களுக்கு, அவர்கள் பாதியில் எழுந்து போகிறார்கள்; மீதிப் பேர் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துப் பின்னால் இருப்பவரின் பார்வையை மறைக்கிறார்கள். பொன்னாடையை ஆட்டம் முடிந்த பிறகு போர்த்துங்கள். ஒலியைக் குறையுங்கள். ஆடும் பிள்ளையின் கால் கேட்கட்டும். இதற்குக் காசு எதுவும் செலவில்லை.

ஏற்காட்டிலிருந்து வந்த மறுநாள், கடைவீதிக்குப் போய் மெல்லிய வெள்ளை மல் துணி ஆறு மீட்டர் வாங்கினேன். பேத்தியின் அளவு தங்கையிடம் இருந்தது. மூன்று அடுக்கு, இடுப்பில் நெருக்கமான சுருக்கம், கெண்டைக்கால்வரை நீளம். கையாலேயே தைத்தேன். விடுமுறைக்கு வந்தவள் அதை உடுத்திக்கொண்டு கூடத்தில் ஒரு சுற்றுச் சுற்றி நின்றாள். அவள் நின்ற பிறகும் பாவாடை சுற்றிக்கொண்டிருந்தது. குனிந்து பார்த்தாள். மறுபடி சுற்றினாள். "பாட்டி, இது எனக்குப் பின்னாலேயே வருகிறது" என்றாள். பிளாஸ்டிக் இறக்கை சோபாவின் மேலேயே கிடந்தது. மாலைவரை அதை அவள் எடுக்கவில்லை.