காலி டேங்க்கில் கட்டிங் மெஷினை வைக்காதீர்கள்

காங்கேயத்தில் உள்ளே விழுந்த சாவியை எடுக்க பைக்கின் பெட்ரோல் டேங்க்கை வெட்டப் போய், பட்டறைப் பையன் ஒருவன் வெந்துபோன விஷயம் இந்நேரம் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். போட்டோவும் ஒரு சுற்று சுற்றி முடிந்துவிட்டது. மூன்று நாளாக நான் எதுவும் எழுதவில்லை. நேற்று சாயங்காலம் சொந்தக்காரர் ஒருவர் போன் செய்து, "விடுப்பா, அந்தப் பையனுக்கு நேரம் சரியில்ல, யாரு என்ன பண்ண முடியும்" என்றார். அதைக் கேட்ட பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

நேரத்தின் மேல் பழி போடாதீர்கள். பெட்ரோல் டேங்க்கில் கட்டிங் மெஷினை வைத்தார்கள், வெடித்தது. அவ்வளவுதான் நடந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரைக்குத் தம்பி (சித்தப்பா மகன்) எனக்குத்தான் முதலில் போன் செய்தான். கேனில் வாங்கி வந்த பெட்ரோலை வண்டிக்கு ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறான். சீட் மேல் உட்கார்ந்திருந்த அவன் மகள் அம்மிணி கையில் பீரோ சாவி. ஏழு வயசுக் குழந்தை, கை நழுவி சாவி டேங்க்குக்குள் போய்விட்டது. வெள்ளிக்கிழமை அவன் மச்சினனுக்குக் கல்யாணம். அக்காக்காரி, அதாவது தம்பி மனைவி, இணைச்சீருக்கு (மாப்பிள்ளையின் சகோதரி செய்கிற சடங்கு) கட்ட வேண்டிய பட்டு பீரோவுக்குள். வீட்டில் பதற்றம் இருக்கும்தான், புரிகிறது.

நான் சொன்னது இதுதான். "பதறாதே. அது பித்தளைச் சாவி, காந்தம் பிடிக்காது. சீட்டைக் கழட்டு, டேங்க் பின்னாடி இருக்கிற போல்ட்டைக் கழட்டு, பெட்ரோல் டேப்பை மூடி பைப்பைப் பிடுங்கு. வெட்டவெளியில வெச்சுப் பெட்ரோலை இரும்பு கேன்ல இறக்கு. சமையல்கட்டுப் பக்கமும் மோட்டார் பக்கமும் வேண்டாம். அப்புறம் டேங்க்கைக் கவுத்தி மெதுவா ஆட்டிப் பாரு. வரலைன்னா நான் மத்தியானம் பல்லடத்துல இருந்து வந்து எடுத்துத் தர்றேன்." அவன் சரிங்ணா, சரிங்ணா என்றான். பதினொன்றரைக்கு வந்த போன் வேறு போன்.

நடுவில் யாரோ, "அதுக்கு எதுக்கு நாலு மணி நேரம்? பட்டறைல குடுத்தா அடியில வெட்டி எடுத்துட்டு ஓட்டைய ஒரு பத்து வெச்சு அடைச்சுடுவாங்க, அரை மணி நேர வேலை" என்று சொல்லியிருக்கிறார்கள். என் பேச்சு வந்தபோது, "தறி ஓட்டறவனுக்கு வண்டியப் பத்தி என்ன தெரியும்" என்றும் ஒருவர் சொன்னாராம். யார் என்று எனக்குத் தெரியும், இங்கே எழுத மாட்டேன். தறி ஓட்டுவதற்கு முன்னால் ஆறு வருஷம் பல்லடத்தில் ஒரு டூவீலர் பட்டறையில் எண்ணெய்க் கையோடு இருந்தவன் நான். அது அவருக்கும் தெரியும். தெரிந்தே சொன்னார் என்பதுதான் வலிக்கிறது.

பட்டறைக்காரர்கள் சொல்கிற நியாயம்: "பெட்ரோல் பூரா இறக்கிட்டோம், மூடியைத் திறந்து அரை மணி நேரம் வெயில்ல வெச்சோம், காலி டேங்க்கைத்தான் வெட்டினோம்."

காலி டேங்க்தான் வெடிக்கும் ஐயா. இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்கிறேன். பெட்ரோல் தண்ணியாக இருக்கும்போது எரிவதில்லை, அதன் ஆவிதான் எரிகிறது. காற்றோடு ஆவி 1.4 சதவீதத்திலிருந்து 7.6 சதவீதம் வரை கலந்திருந்தால் ஒரு பொறி போதும். நிறைந்த டேங்க்குக்குள் ஆவி அதற்கு மேலே இருக்கும், உள்ளே எரியக் காற்று போதாது, வாயில்தான் தீப்பிடிக்கும். இறக்கிய டேங்க்கில்தான் கலவை சரியாக அமைகிறது. ஸ்ப்ளெண்டர் பிளஸ் டேங்க் 9.8 லிட்டர். அது வெடிக்க உள்ளே கால் டீஸ்பூன் பெட்ரோல் ஒட்டியிருந்தாலே போதும். எவ்வளவு கவிழ்த்தாலும் மூலையில் அந்தக் கால் டீஸ்பூன் நிற்காமல் இருக்குமா? மூடியைத் திறந்து வைத்தால் போய்விடும் என்கிறீர்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம். அது மேலே எழுந்து போகாது, டேங்க் அடியில் படுத்துக்கிடக்கும். வெயிலில் வைத்தால் ஒட்டியிருக்கிற சொட்டும் ஆவியாகிச் சேரும். கட்டிங் மெஷின் அடிக்கிற பொறியைப் பார்த்திருக்கிறீர்கள்தானே?

"கழுவிட்டு வெட்டலாம்ல" என்று ஒரு நண்பர் கேட்டார். ஒரு தடவை தண்ணி ஊற்றிக் கொட்டினால் கழுவியதாகாது. பழைய டேங்க்குக்குள் துரு இருக்கும், துருவுக்குள் பெட்ரோல் ஊறிக்கிடக்கும், சூடு பட்டதும் கிளம்பி வரும்.

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த அண்ணனின் இடது கையில் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் சுருங்கிப் பளபளவென்று இருக்கும். நான் சேர்வதற்கு முன்னால் நடந்தது, ஒரு டேங்க் ஓட்டைக்குப் பத்து வைக்கும்போது. அதன் பிறகு அவர் கழுவாத டேங்க்கைத் தொட்டதில்லை. கழுவிய டேங்க்கிலும் ஓட்டைக்குக் கொஞ்சம் கீழே வரைக்கும் தண்ணியை நிரப்பி வைத்துவிட்டுத்தான் கேஸ் பற்றவைப்பார். பக்கத்தில் எங்களை நிற்கவிட மாட்டார். "அக்கட்ட போங்கடா" என்று ஒரு அதட்டல். அவ்வளவு பயந்து பயந்து செய்த வேலையை இவர்கள் அரை மணி நேர வேலை என்கிறார்கள்.

அந்த அண்ணன் ஒரு மோதிரத்தை எடுத்ததை இன்னும் மறக்கவில்லை. பால்காரர் ஒருவரின் மேக்ஸ் 100 பைக், பெட்ரோல் பட்ட விரலிலிருந்து மோதிரம் வழுக்கி உள்ளே போய்விட்டது. தங்கம், காந்தத்துக்கு வராது. டேங்க்கின் அடிப்பக்கம் வண்டியின் முதுகுக் குழாய் மேல் சேணம் மாதிரி உட்காருவதால், உள்ளே இந்தப் பக்கம் ஒரு குழி, அந்தப் பக்கம் ஒரு குழி. கவிழ்த்து ஆட்டினால் மோதிரம் ஒரு குழியிலிருந்து மற்றதற்கு ஓடும், வாய்க்கு வராது. வந்தாலும் வாயின் தகரம் உள்பக்கமாகக் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும், அதன் ஓரமாகவே சுற்றிக்கொண்டு போய்விடும். அண்ணன் பழைய கிளட்ச் ஒயரை எடுத்து மடித்து, மெல்லிய பிளாஸ்டிக் குழாய்க்குள் விட்டுச் சுருக்கு செய்தார். டேங்க்கைச் சாய்த்துக் காதை ஒட்டி வைத்துச் சத்தம் எங்கே என்று கேட்டார். கிணிங் என்று ஒரு சத்தம். சுருக்கை விட்டார், இழுத்தார், நழுவியது. இப்படி ரெண்டு மணி நேரம். பால்காரர் திண்ணையில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். மோதிரம் வெளியே வந்தபோது அண்ணன் அதைத் துணியில் துடைத்துக் கொடுத்துவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டார்.

சாவிக்கு இன்னும் சுலபம், அதன் தலையில் ஓட்டை இருக்கிறது, கொக்கி மாட்டும். அதுவும் வரவில்லையா, பெட்ரோல் அளவு காட்டுகிற முள்ளுக்கான ஃப்ளோட் (மிதவை) டேங்க் அடியில் இருக்கிற வண்டியாக இருந்தால் அதைக் கழட்டினால் இன்னொரு வழி கிடைக்கும். இரும்பு நட்டாக இருந்தால் பழைய ஸ்பீக்கர் காந்தத் துண்டு போதும், டேங்க் சுவரில் போய் ஒட்டிக்கொள்ளாமல் குழாய்க்குள் வைத்து இறக்க வேண்டும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ் 6 (புதிய புகை விதிக்கான) வண்டிகளில் அநேகமாக பெட்ரோல் பம்ப்பே டேங்க்குக்குள் இருக்கும், அதைத் தெரிந்தவர்தான் கழட்ட வேண்டும். எதிலும் வெட்டுகிற வேலை இல்லை.

"அப்படியே உள்ள கெடக்கட்டும்னு விட்டிருக்கலாமே" என்பவர்களுக்கும் சொல்கிறேன். பித்தளைச் சாவி ஒரு வாரம் கிடந்தால் ஒன்றும் ஆகாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எல்லாவற்றுக்கும் அதைச் சொல்லாதீர்கள். துணி விழுந்தால் நூல் பிரிந்து டேப் வலையை அடைக்கும், தெர்மாகோல் பெட்ரோலில் கரைந்து பசையாகிவிடும். பகைக்காரன் அஸ்கா (வெள்ளைச் சர்க்கரை) போட்டுவிட்டான் என்று பயப்படுகிறார்களே, அது பெட்ரோலில் கரையாது, மணலாக அடியில் உட்கார்ந்து அடைக்கும். அதற்கும் டேங்க்கை இறக்கிக் கழுவத்தான் வேண்டும்.

எனக்கு ஆறாதது இன்னொன்று. அது பீரோ சாவி. பீரோவுக்குச் சாவி செய்கிறவர் ஒவ்வொரு ஊரிலும் பஸ் ஸ்டாண்ட் பக்கம் குடை விரித்து உட்கார்ந்திருக்கிறார். வீட்டுக்கே வந்து திறந்து கொடுப்பார். டேங்க்கைத் தொடவே வேண்டியிருக்கவில்லை. எனக்கும் அன்று காலை போனில் அது தோன்றவில்லை. தோன்றியிருந்தால் அந்தப் பையன் கை தப்பியிருக்கும்.

பையனுக்குப் பத்தொன்பது வயசு. முதலாளி வெட்டச் சொன்னார், வெட்டினான். வலது கையும் கழுத்தும் வெந்திருக்கிறது, புருவம் இல்லை. கண் தப்பியது. அவனைப் பற்றித்தான் நேரம் சரியில்லை என்று பேசிக்கொள்கிறீர்கள். வெட்டலாம் என்று யோசனை சொன்ன பெரியவர்கள் ஒருத்தரும் இன்னும் ஆஸ்பத்திரிப் பக்கம் போகவில்லை.

அதற்குப் பதிலாக என்ன செய்கிறார்கள் தெரியுமா? "இவளாலதான் எல்லாம்" என்று குழந்தையைச் சொல்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமையே அவளுக்கு அடி விழுந்திருக்கிறது. நேற்று போனில் பேசினேன். "பெரியப்பா, அந்த அண்ணனுக்குக் கை சரியாயிடுமா?" என்று மட்டும் கேட்டாள். ஏழு வயசுக் குழந்தை கேட்கிற கேள்வியை நாற்பது வயசுக்காரர்கள் யாரும் கேட்கவில்லை. குழந்தை கையிலிருந்து சாவி விழும். திறந்த டேங்க் பக்கத்தில் அவளை உட்காரவைத்தது யார்? அவள் கட்டிங் மெஷினை எடுக்கவில்லை.

நாளைக் காலை ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். தம்பியையும் வரச் சொல்லியிருக்கிறேன், முதலில் வண்டி இல்லையே என்றான், பஸ்ஸில் வா என்றேன். அம்மிணியையும் கூட்டிக்கொண்டு போகலாமா என்று யோசித்தேன். வேண்டாம், கட்டுப்போட்ட கையை அவள் இப்போது பார்க்க வேண்டாம். வருகிற வழியில் காங்கேயத்தில் இறங்கி, அண்ணன் கை ஆறிக்கொண்டு வருகிறது என்று அவளிடம் நேரில் சொல்லிவிட்டு வருகிறேன்.