முதல் நாளே எல்லாத்தையும் கொட்ட வேண்டியதில்லை

'ஆன்லைன் ட்ராமா தெரபின்னா (மனசை உலுக்கின சம்பவத்துக்கு வீடியோ கால்ல தர்ற சிகிச்சை) முதல் நாளே நடந்ததை முழுசா சொல்லணும், ரெண்டு தடவைல சரியாயிடும்'னு மேலே ஒருத்தர் போட்டிருக்கார். ரெண்டுமே தப்பு.

முதல் ஒண்ணு ரெண்டு அமர்வு விசாரிப்புதான்: தூக்கம், மருந்து, தற்கொலை எண்ணம். நீங்க உட்கார்ந்திருக்கிற இடத்தோட முகவரியும் அவசரத்துக்கு ஒருத்தர் நம்பரும் கேட்பாங்க. வேவு இல்லை, நீங்க தடுமாறினா திரைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர் ஓடிவர முடியாதே. அடுத்து, பதற்றத்தை இறக்கப் பழகணும்: பாதத்தைத் தரையில் அழுத்தி, கண்ணில் படுற 5 பொருளைப் பேர் சொல்றது மாதிரி. நினைவுகளைத் தொடுறது அதுக்கப்புறம்தான். ட்ராமாவுக்கான சிபிடி (எண்ணத்தையும் நடத்தையையும் மாத்தப் பழக்குற பேச்சு சிகிச்சை) வழக்கமா 8 முதல் 12 அமர்வு. பழைய காயம் பல இருந்தா இன்னும் நீளும். நடுவுல கொஞ்ச நாள் கெட்ட கனவு கூடலாம். நிறுத்திடாம தெரபிஸ்ட்கிட்ட சொல்லுங்க.

மதுரை செல்லூர் மாதிரி சுவரோடு சுவர் ஒட்டின வீடுன்னா ஹெட்போன் பாதிதான் காக்கும், உங்க குரல் வெளியே கேட்கும். கதவுக்கு வெளியே ஒரு டேபிள் ஃபேனை ஓட விடுங்க. கரண்ட் போனா யார் யாருக்கு போன் பண்றதுன்னு முன்னாடியே பேசிக்கோங்க.

அடிக்கிற ஆள் அதே வீட்டிலன்னா ஆன்லைன் வேண்டாம், மதுரை அரசு ராஜாஜி ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கு நேரா போங்க. ராத்திரி தாங்கலைன்னா அரசு மனநல உதவி எண் 14416-க்கு போன் பண்ணுங்க, இலவசம்.