‘பாத்துக்கலாமுங்க’ என்று விட்டுவிடாதீர்கள்

தை பிறந்ததும் மாசி, பங்குனி நோம்பிகளுக்கு, அதாவது கோயில் திருவிழாக்களுக்கு, கதை பாட வரச் சொல்லி ஊர்களிலிருந்து அழைப்புகள் வரத் தொடங்கிவிடும். கொங்கு நாட்டில் பொன்னர், சங்கர் என்ற அண்ணன் தம்பிகளின் வீரக்கதையான அண்ணன்மார் கதையை உடுக்கையடித்துப் பாடுகிறவன் என்ற முறையில், இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கும், எங்களை அழைக்கிற ஊர்ப் பெரியவர்களுக்கும் சேர்த்தே ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். அச்சாரம் கைமாறுவதற்கு முன் நாம் பேசாமல் விடுகிற ஒவ்வொன்றும், அன்றிரவு கேட்க வந்து உட்கார்ந்திருக்கும் சனத்தின் தலையில்தான் விழுகிறது.

நம் பக்கத்தில் வாய்விட்டுக் கேட்பதை மரியாதைக் குறைவாக நினைக்கிற பழக்கம் உண்டு. எத்தனை மணிக்குத் தொடங்க வேண்டும் என்று கேட்டால் “பாத்துக்கலாமுங்க” என்பார்கள். தொகையைக் கேட்டால் “நீங்க மொதல்ல வாங்க, பாத்துச் செய்யலாமுங்க” என்பார்கள். எதிரே இருப்பவர் மனம் நோகக் கூடாது என்ற நல்லெண்ணத்தில்தான் இரு தரப்பும் இப்படிப் பேசிக்கொள்கிறோம். ஆனால் நோம்பி நாளில் மனத்தாங்கல் முளைப்பதும் இதே இடத்திலிருந்துதான்.

சில ஆண்டுகளுக்கு முன் தாராபுரம் பக்கத்து ஊரொன்றில் “ஒரு ராத்திரிக் கதை” என்று பேசி வெற்றிலை பாக்கு மாற்றினோம். ஒரு ராத்திரி என்றால் எனக்கு விடிய விடிய. அவர்களுக்கோ 8 மணிக்குத் தொடங்கி 10 மணிக்குள் முடிவது. சொல் ஒன்றாகவே இருந்ததால் பொருள் இரண்டாக இருந்தது யாருக்கும் தெரியவில்லை. நான் அண்ணன்மாரின் தகப்பன் குன்னுடையாக் கவுண்டர் பட்ட பாட்டிலிருந்து தொடங்கி, தாய் தாமரை பிள்ளை வரம் கேட்டுத் தவமிருந்ததை நிதானமாக விரித்துப் பாடிக்கொண்டிருந்தேன். 10 மணி அடித்ததும் மைக் செட்காரர் அருகில் வந்து, போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்திருக்கும் நேரம் முடிந்துவிட்டது என்று சொல்லி ஒலியை நிறுத்தினார். பொன்னரும் சங்கரும் அப்போதுதான் பிறந்திருந்தார்கள். உடுக்கையை உறையில் போட்டுக்கொண்டிருந்தபோது வயதான ஆத்தா ஒருவர் தடியை ஊன்றியபடி வந்து, “கொம்பனைக் குத்துன கதையக் கேக்கலாம்னு வந்தனுங்க சாமி, அதுக்குள்ள முடிச்சுப்போட்டீங்களே” என்றார். அவர் அந்தப் பன்றி வேட்டையைக் கேட்கவே வந்திருக்கிறார் என்பதை நான் முன்பே ஊரில் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். கேட்காதது என் பிழை. அதை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளில் உள்ளது. பண்பாட்டு, சமய விழாக்களுக்காக ஆண்டில் 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு 12 மணி வரை மாநில அரசு தளர்த்தலாம் என்றும் அதிலேயே இருக்கிறது. அந்தத் தளர்வு நம் நோம்பிக்கும் பொருந்தும் என்று நாமாகவே எடுத்துக்கொள்ளக் கூடாது. எனவே இப்போது நான் கேட்கும் முதல் கேள்வி, எந்த மணி வரை அனுமதி வாங்கியிருக்கிறீர்கள் என்பதே. அதற்குப் பதில் வந்த பிறகுதான் கதையைப் பற்றிப் பேசுகிறேன்.

அடுத்த கேள்வி இன்னும் முக்கியமானது: கதையில் எந்தப் பகுதி வேண்டும்? “முழுக் கதையும் பாடிப்போடுங்க” என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். 1965-இல் கனடா நாட்டு மானிடவியல் ஆய்வாளர் பிரெண்டா பெக் காங்கயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் இந்தக் கதையை ஒலிப்பதிவு செய்தபோது, பாட்டு பல இரவுகள் தொடர்ந்து நடந்தது. நம் பாட்டன்மார் பல இரவுகள் பாடியதை இரண்டு மணி நேரத்துக்குள் அடக்கினால் பெயர்ப் பட்டியல் மட்டுமே மிஞ்சும். இதை எடுத்துச் சொன்னால் பெரும்பாலான பெரியவர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள். அண்ணன்மார் பிறப்பா, கொம்பன் வேட்டையா, அவர்கள் மாண்டு விழும் படுகளமா என்று கேட்டால், ஊரில் நாலு பேரைக் கலந்துகொண்டு சொல்கிறோம் என்கிறார்கள். அந்த நாலு பேரில் இரண்டு பேராவது வயதான பெண்களாக இருக்கட்டும் என்று நானே கேட்டுக்கொள்கிறேன், ஏனெனில் கதையை நெஞ்சில் வைத்திருப்பவர்கள் அவர்கள்தான்.

படுகளம் வேண்டும் என்று சொன்னால் நான் மேலும் ஒரு படி அழுத்தமாகப் பேசுவேன். அண்ணன்மார் மாண்டு விழும் இடத்தில் கூட்டத்தில் சிலருக்கு அருள் வந்து அவர்களும் விழுவார்கள். பெரியகாண்டியம்மன் அருளால் தங்கை அருக்காணி அண்ணன்மாரை எழுப்பும் பகுதியைப் பாடி, தீர்த்தம் தெளித்து, அருள் வந்து விழுந்தவர்களை எழுப்பும் வரை கதையை நிறுத்த முடியாது. விழுந்து கிடப்பவரின் மனைவியும் பிள்ளைகளும் பக்கத்தில் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த நேரத்தில் ஒருவர் வந்து ஒலியை நிறுத்தினால் அது வெறும் நிகழ்ச்சிக் குறைபாடாகவா இருக்கும்? அனுமதி 10 மணி வரைதான் என்றால் மாலை 6 மணிக்கே தொடங்க வேண்டும், இல்லையேல் வேட்டையோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு ஊரில் இதைக் கேட்டு முகம் சுளித்தார்கள், நான் போகவில்லை. அதில் எனக்கு வருத்தம் இருந்தாலும் அது சரியான முடிவென்றே இன்றும் நினைக்கிறேன்.

தொகை, வண்டி வாடகை, பின்பாட்டுக்காரரின் பங்கு, சாப்பாடு ஆகியவற்றைப் பேசி முடித்த அன்றே வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பிவிடுகிறேன். “எங்க மேல நம்பிக்கை இல்லீங்களா?” என்று ஒரு பெரியவர் கேட்டார். “என் மறதி மேலதானுங்க ஐயா நம்பிக்கை இல்லை” என்றேன், அது உண்மையும்கூட. அன்பளிப்பு தருவோரின் பெயரைக் கதையின் இடைநிறுத்தத்தில் மட்டுமே வாசிப்பேன் என்பதையும் அதிலேயே எழுதிவிடுவது நல்லது. அண்ணன்மார் களத்தில் நிற்கும்போது நூறு ரூபாய் தந்தவரின் பெயரை அறிவித்தால், கண் கலங்கி உட்கார்ந்திருப்பவர் அந்த உணர்விலிருந்து வெளியே இழுக்கப்படுகிறார். தந்தவருக்கும் அது பெருமையில்லை.

ஊராரிடம் பேசுவதைப் போலவே மைக் செட்காரரிடமும் பேச வேண்டும். எக்கோ வைத்தால் பாட்டு இனிமையாகத்தான் இருக்கும். ஆனால் இடையில் வரும் வசனத்தில் ஒரு சொல்லின் வால் அடுத்த சொல்லின் தலைமேல் ஏறிவிடும். பின்வரிசையில் இருப்பவருக்கு ஓசை கேட்கும், செய்தி கேட்காது. எனக்கு ஒன்றும் பின்பாட்டுக்காரருக்கு ஒன்றுமாக இரண்டு மைக், எக்கோ வேண்டாம் என்பதைக் கூட்டம் சேருவதற்கு முன்பே தன்மையாகச் சொல்லிவிடுகிறேன்.

பின்பாட்டுக்காரரைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். “அப்புறம் என்னாச்சுங்க?”, “அது யாருங்க?” என்று அவர் கேட்பதை வெறும் துணைக்குரலாகப் பலர் நினைக்கிறார்கள். உட்கார்ந்திருப்பவர்கள் மனத்தில் தோன்றியும் வாய்விட்டுக் கேட்க முடியாத கேள்வியை அவர்களுக்காக அவர் கேட்கிறார். பாடியதையே மறுபடி வசனத்தில் சொல்வதும் அதற்காகத்தான். இன்று திருப்பூரில் வேலை முடித்து வந்து உட்காரும் பிள்ளைகளுக்கு ‘காணி’ என்றாலும் பங்காளிகளுக்குள் வரும் பொறாமையான ‘பங்காளிக் காய்ச்சல்’ என்றாலும் விளங்குவதில்லை. அதனால் என் பின்பாட்டுக்காரர் “காணின்னா என்னங்க?” என்று நடுவில் கேட்கிறார், நான் ஒரே வரியில் “பாட்டன் காலத்திலிருந்து வழிவழியாக உரிமையாக வந்த நிலம் சாமி” என்று சொல்லிவிட்டு அடுத்த அடிக்குப் போகிறேன். கதையை நீர்த்துப்போகச் செய்கிறாய் என்று சக பாடகர் ஒருவர் என்னைக் கடிந்துகொண்டார். அவர் மீது எனக்கு மதிப்பு உண்டு, ஆனால் இதில் அவரோடு உடன்பட முடியவில்லை. விளங்காத சொல்லில் தடுக்கி நின்றுவிட்ட பிள்ளை அதற்குப் பிறகு கைபேசியை எடுத்துவிடுகிறது, நம்மோடு களம் வரை வருவதில்லை.

இந்த மாசிக்கு நான்கு ஊர்கள் ஒப்புக்கொண்டிருக்கிறேன். மூன்று ஊர்களிலிருந்து நேரமும் கதைப்பகுதியும் எழுத்திலேயே வந்துவிட்டன. நான்காவது ஊர்த் தலைவர் நேற்று “அதெல்லாம் பாத்துக்கலாமுங்க” என்றார். நாளைக் காலையில் பஸ் ஏறி, அவரை நேரில் பார்த்துப் பேசப் போகிறேன்.